மாதாவுக்குக் கொடுத்த பின்னலும் ஒரு சார்ல்ஸ்டன் ஆட்டமும்

ஜெர்மனியில், எசன் நகரில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் புஷ்பமலரின் முகத்தை மறந்தாலும் அவளுடைய பின்னலை மறக்கமாட்டார்கள். கன்னங்கரேலென்று, ஒரு கைப்பிடி பருமனில், முழங்கால் மட்டும் தொங்கும். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கையில் பின்னால் நிற்கிற குழந்தைகள் அதை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஒன்றும் அறியாததுபோலக் கூரையைப் பார்ப்பார்கள். மலர் திரும்பிச் சிரிப்பாளே ஒழியப் பேசமாட்டாள்.

அவளுடைய கணவர் சில்வெஸ்டர் அந்தப் பின்னலைப் பார்த்துத்தான் கலியாணத்துக்குச் சம்மதித்தவர். யாழ்ப்பாணத்தில், பாசையூர் அந்தோனியார் திருநாளில், சுற்றுப்பிரகாரத்தில் அவளுக்குப் பின்னால் நடந்து வந்தாராம்.

"முகத்தைப் பாக்க முதலே ஓம் எண்டிட்டன். பிறகுதான் முகத்தைப் பாத்தன். அது சும்மா கிடைச்ச லாபம்" என்று விருந்து வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இருவரும் கிழக்கு பேர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவளிடம் இருந்தது ஒரு மெல்லிய சுவெற்றரும் ஒரு செபமாலையும் அந்தப் பின்னலுந்தான். பிறகு எசனுக்கு வந்தார்கள். அவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. தலைக்குப் போடும் வலையில் மற்றவர்களுக்கு ஒன்று, மலருக்கு மட்டும் இரண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், டொச்சு மொழியைக் கிழங்கு உரித்து உரித்தே படித்தாள். அதனால் உப்புக் காணாது, அடுப்பைக் குறை, சட்டி சுடும் என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. மனதில் கிடக்கிறதை எடுத்துச் சொல்லத்தான் வார்த்தை வராது.

அவர்கள் இருந்த பகுதிக் கோயிலில் ஒரு பெண்கள் சங்கம் இருந்தது. எல்லாரும் டொச்சுக்காரிகள். ஒரு கோயில் பெருநாளுக்கு மலர் பற்றிஸ் பொரித்துக்கொண்டு போக, அன்றோடு அவளையும் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தலைவி ஹில்டெகார்ட். எழுபதைத் தாண்டிய கைம்பெண். குரல் மணி அடித்த மாதிரி. அவர் கதைப்பது மலருக்கு நன்றாக விளங்கும். கேட்கக் கேட்க அது டொச்சு என்பதே மறந்துபோய், நம் ஆட்கள் கதைக்கிற மாதிரித்தான் காதில் விழும். ஆனாலும் சங்கம் கூடுகிற நாட்களில் மலரின் இடம் கோயில் மண்டபத்துச் சமையலறைதான். யாரும் அவளை அங்கே நில் என்று சொன்னதில்லை. பின்னலை வலைக்குள் முடிந்துகொண்டு அவளாகத்தான் போய் நிற்பாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சில்வெஸ்டருக்கு நெஞ்சு அடைத்தது. உணவகத்தில் கோப்பைகளோடு விழுந்தார். நெஞ்சைத் திறந்து செய்யவேண்டிய சத்திரசிகிச்சை என்றார்கள். பிள்ளைகள் இருவரும் தூரத்து நகரங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ரயில் பிடித்து வந்து சேருமுன்னே அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மலர் நடைவழியில் தனியே நின்றாள். செபமாலையைத் தேடினால் அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கைக்கு அகப்பட்டது பின்னல்தான். அதைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே விரலை நகர்த்தி நகர்த்தி அருள்நிறை மரியே சொன்னாள். முடிவில், "தாயே, இந்த மனுசனை எனக்குத் திருப்பித் தா. என்ர பின்னலை அடியோட உனக்குத் தாறன்" என்று நேர்த்தி வைத்தாள்.

மாதா கேட்டாள். சில்வெஸ்டர் கண் திறந்தார். புனர்வாழ்வு நிலையத்தில் சில வாரம் இருந்து, தை மாத முடிவில் தாமே நடந்து படியேறி வீட்டுக்கு வந்தார்.

இனி நேர்த்திக்கடன். ஊருக்குப் போய், மடு மாதா கோயிலில் கொடுப்பதுதான் முறை. ஆனால் அங்கே சண்டை; பாதை பூட்டு. எங்கே இருந்தாலும் அவள் ஒரே மாதாதானே என்று மலர் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கணவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பின்னலை வெட்ட விடமாட்டார். வெட்டிக் காணிக்கை வைத்த பிறகு சொல்வோம் என்று நினைத்து, திராம் வண்டித் தரிப்பிடத்துக்கு எதிரில் இருந்த முடிவெட்டும் கடைக்குப் போனாள்.

கடைக்காரப் பெண் பின்னலைக் கையில் தாங்கிப் பார்த்துவிட்டு, "மெய்யாவே வெட்டவோ?" என்று கேட்டாள். திரும்பவும் கேட்டாள். மலர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கத்தரிக்கோல் ஒரே வெட்டில் வெட்டவில்லை. கரும்பை அறுக்கிற மாதிரிக் கறுக் கறுக்கென்று சத்தம். தலை திடீரென்று பாரம் இறங்கி முன்னால் சாய்ந்தது. நாற்பத்தேழு வயதில் தன் கழுத்தில் முதன்முதலாகக் காற்றுப் படுவதை அவள் உணர்ந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. "இப்பிடிக் கோணலாய் உன்னை வெளியிலை விட ஏலாது" என்று சொல்லி, அந்தப் பெண் ஓரத்தை ஒழுங்காக்கி, நெற்றியில் கொஞ்சம் இறக்கி, காதோடு வளைத்து வெட்டிக் கண்ணாடியைக் காட்டினாள். "பாத்தியே? ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளிலை அமெரிக்கப் படக்காரிகள் இப்பிடித்தான் வெட்டினவை. உனக்கெண்டே செய்த வெட்டு!"

கண்ணாடியில் இருந்தவள் பத்து வயது குறைந்திருந்தாள். வடிவாக இருந்தாள். மலருக்குப் பயம் பிடித்துவிட்டது. காணிக்கை கொடுத்தவள் இழந்தவளாக அல்லவோ தெரியவேண்டும்? கொடுத்ததனால் ஒருத்தி வடிவாகிவிட்டால் அது காணிக்கையா, அலங்காரமா?

நேரே கோயிலுக்குப் போனாள். பின்னலின் இரண்டு முனையிலும் சிவப்பு நாடா கட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, மாதா சுரூபத்தின் காலடியில் பூச்சாடிகளுக்குப் பின்னால் வைத்தாள். ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். "எடுத்துக்கொள்ளு தாயே" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த முறை. அந்த நாட்டில் அப்படி ஒருவரும் வைப்பதில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் கர்னவால் கொண்டாட்டத்துக்குச் சங்கத்துப் பெண்கள் ஒரு நிகழ்ச்சி போட இருந்தார்கள். தவக்காலம் தொடங்குமுன் வருகிற வியாழக்கிழமை அந்தப் பக்கத்தில் பெண்களின் நாள். கோயில் மண்டபத்திலேயே ஆடிப்பாடிச் சிரிப்பார்கள். ஹில்டெகார்ட் எடுத்த விஷயம், எண்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கா. சார்ல்ஸ்டன் என்று ஒரு ஆட்டம்.

"அங்கை ஒரு துறைமுகப் பட்டினம், அதின்ர பேர்தான் இது" என்று ஆட்டப் பழக்கத்தின் முதல் நாளே விளக்கியிருந்தார். "கறுப்புச் சனங்களின்ர ஆட்டம். அடிமையாய் இருந்த ஆக்களின்ர பேரப்பிள்ளையள். அவையின்ர சங்கீதந்தான் ஜாஸ். அது கிராமபோன் தட்டிலை ஏறி, ரேடியோவிலை ஏறி, ஊரெல்லாம் போய், கடைசியிலை கடல் தாண்டி இஞ்சையும் வந்திட்டுது. அதோட பெண்டுகள் பாவாடையைக் குறைச்சாளுகள், முடியை வெட்டினாளுகள், தாங்கள் உழைச்ச சம்பளத்தைத் தாங்களே வைச்சுக்கொண்டாளுகள். தேப்பன்மாருக்கு உலகம் முடிஞ்ச மாதிரி!"

சமையலறைக் கதவால் எட்டிப் பார்த்த மலருக்கு அந்த ஆட்டம் புதுமையாக இருந்தது. முழங்காலை ஒட்டிவைத்து, குதிக்காலை வெளியே எறிந்து எறிந்து, சுடுமணலில் செருப்பில்லாமல் நிற்கிறவர்கள் மாதிரி ஆடினார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி வந்து விலக, ஹில்டெகார்ட் அவளைக் கூப்பிட்டார். மலர் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள். கலியாணம் கட்டிய பெண் மேடையில் ஆடுவதா? அதுவும் கணவர் நோயில் கிடக்கும்போது?

இப்போது அவள் குட்டை முடியோடு மண்டபத்துக்குள் வந்ததைக் கண்டதும் எல்லாரும் ஓடிவந்தார்கள். கைதட்டல்.

"எங்களுக்கு எல்லாம் பொய்முடி. இவள் பாருங்கோ, மெய்யாவே வெட்டிக்கொண்டு வந்திட்டாள்!" என்று ஹில்டெகார்ட் கட்டிப்பிடித்தார். "மலர், நீதான் முன்வரிசை!"

இல்லை, இது வேறு, இது நேர்த்தி என்று சொல்ல அவளுக்கு டொச்சில் வார்த்தை இல்லை. நேர்த்திக்கு அந்த மொழியில் என்ன பெயர்? கிழங்கு உரிக்கிற இடத்தில் அந்தச் சொல் அகப்படவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளை அப்படிக் கட்டிப்பிடித்ததும் இல்லை. அந்தப் பிடிக்குள்ளேயே நின்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை. ஊர்ப்புதினம் எல்லாம் அறிந்த டொறத்தி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன மலர், இனி உமக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம்!"

"சும்மா இருங்கோ அக்கா."

"உம்மட பெண்கள் சங்கத்திலை ஆட்டமாம். கேள்விப்பட்டன். மனுசன் இப்பதான் எழும்பி இருக்கிறார், நீர் மேடையிலை ஏறப்போறீர். நல்லாத்தான் இருக்கு!"

அந்தக் கதை அவளுக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது. முடி வெட்டிய நாளில் சில்வெஸ்டர் திகைத்துப்போய் ஒன்றும் கேட்கவில்லை; வடிவாகிப்போன பயத்தில் அவளும் சொல்வதைத் தள்ளிப்போட்டிருந்தாள். அந்த ஞாயிறு மாலை கேட்டார்.

"ஆட்டத்துக்காகவோ வெட்டினீர்?"

அவள் எல்லாவற்றையும் சொல்ல வாய் திறந்தவள்தான். ஆனால் அவர் அப்படி நினைத்துவிட்டார் என்றதும் சொல்ல மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவருக்கு என்னைத் தெரியாதா? திரும்பிப் போய்ச் சோற்றை இறக்கினாள். பிறகு மருந்து எடுக்கிற நேரங்களில் மட்டும் கதை. 'தண்ணி தாரும்', 'இந்தாங்கோ', அவ்வளவே.

இரவில் அவளுக்கு ஒரே யோசனை. காணிக்கை பாழாகிவிட்டதா? ஊர் முழுக்க அதைச் சிங்காரம் என்று சொன்னால் மாதாவும் அப்படித்தான் கணக்கில் எடுப்பாளா? எடுத்தால் சில்வெஸ்டரின் நெஞ்சு என்னாவது? அவர் மூச்சு விடுகிறாரா என்று இருட்டில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

வெள்ளோட்டத்துக்குக் குறித்த நாள் வந்தது. எல்லாரும் குஞ்சம் தொங்குகிற சட்டை, நெற்றிப்பட்டியில் இறகு, வயிறு மட்டும் தொங்கும் கண்ணாடி மணிமாலை. மலருக்கு மட்டும் கணுக்கால் வரை சட்டையை இறக்கித் தைத்துக் கொடுத்திருந்தார்கள். அவள் கேட்காமலே செய்ததுதான். அதற்காகவே அவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

ஹில்டெகார்ட் மண்டபத்து உடுப்புப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவர் திடீரென்று கூவினார். "இஞ்சை பாருங்கோவன்!"

அவர் கையில் இரண்டு முழ நீளத்துக்குக் கறுப்புப் பின்னல் ஆடியது. சிவப்பு நாடாவும் அப்படியே.

கோயிலைக் கவனிக்கிற கொஸ்லொவ்ஸ்கி கதவோரம் நின்று பெருமையோடு சொன்னார்: "அதைக் கோயிலுக்குள்ளை ஆரோ விட்டிட்டுப் போட்டினம். மாதாவுக்குக் கீழை கிடந்தது. உங்கட கர்னவால் சாமான் எண்டு நான்தான் எடுத்துப் பெட்டியிலை போட்டனான்."

"ஆகா, என்ன வடிவான பொய்ப்பின்னல்!" என்றாள் ஒருத்தி. ஹில்டெகார்டுக்கு உடனே ஒரு யோசனை. முதல் காட்சியில் ஒரு பெண் இந்தப் பின்னலோடு வருவாள், தகப்பன் உறுக்குவார், அவள் பெரிய கத்தரிக்கோலால் வெட்டி எறிவாள், அதோடு பாட்டுத் தொடங்கும். சொல்லிக்கொண்டே பின்னலைத் தன் பொய்முடியில் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மலர் எப்படி அந்த மண்டபத்தைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கத்தரிக்கோலுக்கும் பின்னலுக்கும் நடுவில் கையை வைத்துவிட்டாள்.

"வேண்டாம். அது பொய் இல்லை. அது என்ர தலை." கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டாள். "என்ர மனுசன் சாகக் கிடந்தார். நான் மாதாவுக்குச் சொன்னனான், அவர் உயிர், என்ர முடி. அவ தந்தா. நான் குடுத்தன். ஆட்டத்துக்கு இல்லை. வடிவுக்கு இல்லை. இது மாதாவின்ரை."

சமையலறை டொச்சு அவ்வளவுதான். அது காணும்போல இருந்தது. பாட்டுப்பெட்டி மட்டும் ஒரு மூலையில் தன்பாட்டில் ஊதிக்கொண்டிருந்தது. யாரோ போய் நிறுத்தினார்கள். கொஸ்லொவ்ஸ்கி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஹில்டெகார்ட் பின்னலைத் தன் தலையிலிருந்து மெல்லக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ர அம்மாவும் வெட்டினவ" என்றார். "இருபத்தாறாம் ஆண்டு. கையுறைக் கடையிலை வேலை. அமெரிக்கப் படம் ஒண்டு பாத்திட்டு, முதல் சம்பளத்திலை போய் வெட்டிக்கொண்டு வந்தவ. தாத்தா சுரங்கத்திலை வேலை செய்த மனுசன். மேசையிலை கிடந்த பின்னலை எடுத்து அடுப்புக்குள்ளை போட்டார். வீடெல்லாம் மயிர் கருகின மணமாம். அப்ப இந்தக் கோயிலிலை இருந்த சாமியார் நற்கருணை குடுக்கேக்கை அம்மாவைத் தாண்டிப் போயிடுவாராம். ஞாயிறுக்கு ஞாயிறு அவ போய் முழங்காலிலை நிண்டவ. அவர் தாண்டித் தாண்டிப் போனவர். உயிர்த்த ஞாயிறு வரையும்."

"பிறகு?" என்று மலர் கேட்டாள்.

"பிறகு மனுசனுக்கு வெக்கம் வந்திட்டுது. குடுத்தார்." ஹில்டெகார்ட் மூக்கைச் சிந்தினார். "நான் இந்த ஆட்டத்தை ஏன் எடுத்தன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இதே கோயில் மண்டபத்திலை அம்மாவுக்காக ஒருக்கா ஆடவேணும் எண்டுதான். அதுவும் ஒரு காணிக்கைதான் மலர். எனக்குத்தான் அதுக்குப் பேர் தெரியாமல் போச்சு." பிறகு நிமிர்ந்தார். "என்ர அம்மான்ர பின்னல் அடுப்புக்குப் போனது. உன்ர பின்னல் போகவேண்டிய இடத்துக்குப் போகும். கொஸ்லொவ்ஸ்கி, கோயில் கதவுத் திறப்பை எடு!"

மாசி மாதக் குளிரில், உடுப்பு மாற்றக்கூட நில்லாமல் அத்தனை பேரும் முற்றத்தில் இறங்கினார்கள். முன்னால் திறப்போடு கொஸ்லொவ்ஸ்கி. அடுத்து, பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையிலும் பின்னலை ஏந்தி ஹில்டெகார்ட். பக்கத்தில் மலர். பின்னால் இறகும் குஞ்சமும் மணிமாலையுமாகப் பெண்கள், இரண்டு இரண்டு பேராக. ஒருத்தி மாதா பாட்டு ஒன்றைத் தொடங்க, மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மலருக்கு அது சுற்றுப்பிரகாரமாகவே தெரிந்தது. கண்ணாடி மணிகள் நடக்க நடக்கக் கிலுங்கியது, எல்லாரும் செபமாலை உருட்டுகிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சில்வெஸ்டர் அவளைக் கூட்டிப்போக வந்தார். கோபம் கோபமாக இருந்தாலும் இருட்டில் அவளைத் தனியே வர விடமாட்டார். முற்றத்து வாசலில் மலைத்து நின்றார்.

"இதென்ன மலர், பெருநாளோ, விசரோ?"

அவள் அவரிடம் போனாள். நடைவழியில் நின்றதை, செபமாலை இல்லாததை, பின்னலில் செபம் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்து, "நான் வடிவுக்கெண்டு வெட்டேல்லை. ஆனா வெட்டினாப் பிறகு வடிவாய்ப் போச்சு. அது பிழையோ எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள்.

சில்வெஸ்டர் ஹில்டெகார்டின் கையில் கிடந்த பின்னலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"குடுத்தது குடுத்ததுதான். அதை ஒருத்தரும் திருப்பி எடுக்க ஏலாது." அவளுடைய நெற்றிப்பட்டி இறகை நிமிர்த்திவிட்டார். "மிச்சம் வடிவாய் இருந்தா, அது மாதா உமக்குத் திருப்பித் தந்த மிச்சக்காசு. வாங்கி வைச்சுக்கொள்ளும்."

"டொறத்தி அக்கா..."

"அவ கிடக்கிறா. அவவுக்கு முன்வரிசையிலை ஒரு கதிரை போடச் சொல்லும்."

எல்லாருமாக உள்ளே போனார்கள். பின்னல் மாதாவின் காலடிக்குத் திரும்பியது. இந்த முறை பூச்சாடிகளுக்குப் பின்னால் இல்லை, முன்னால். கொஸ்லொவ்ஸ்கி தன் கையாலேயே மெழுகுதிரி ஏற்றி, பக்கத்தில் ஒரு துண்டு எழுதி வைத்தார்: இதை ஒருவரும் எடுக்கக்கூடாது. சில்வெஸ்டர் முழங்காலில் நின்றார். அவர் பக்கத்தில், இறகோடு மலரும்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. ஹில்டெகார்ட் கறுப்புக் கம்பளி நூலில் ஒரு பின்னல் முறுக்கியிருந்தார். அதை வெட்டியபோது சனம் சிரித்தது; மலர் மட்டும் மேடையோரத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். பாட்டுத் தொடங்கியது. பாவம், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் எந்தத் துயரத்துக்குள்ளே இருந்து இவ்வளவு சந்தோசத்தைக் கண்டுபிடித்தார்களோ என்று நினைத்தபடி காலை எடுத்து வைத்தாள். இரண்டு தரம் பிழைவிட்டாள். மூன்றாம் தரம் கால் தானாகப் போனது. தாயே, முடியும் உனக்கு, இதுவும் உனக்கு.

முன்வரிசையில் டொறத்தி அக்கா முகத்தைத் திருப்பி வைத்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் செருப்பால் தாளம் தட்டத் தொடங்கிவிட்டார். சில்வெஸ்டர் தாளத்தோடு ஒட்டாமல் தன்பாட்டில் கைதட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தவளிடம் அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக்காட்டினார்.

"டொக்டர் இதைப் படபடக்க விடாதையும் எண்டவர். நீர் சும்மா இருக்க விட்டாத்தானே?"

"நோகுதோ?" மலர் பதறிப்போய்க் கையை வைத்துப் பார்த்தாள்.

"இல்லை" என்றார் சில்வெஸ்டர். "அடிக்குது."